சிப் தானாகப் பேசாது



மின்சார மீட்டருக்குள், மோட்டார் கண்ட்ரோலருக்குள், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குள் எல்லாம் ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓடும் ஃபர்ம்வேர் தப்பாக நடந்தால் பார்ப்பதற்குத் திரை கிடையாது. பல போர்டுகளில் ஓர் எல்.இ.டி. விளக்குகூட இருக்காது. அப்போது நமக்குத் துணை, போர்டின் ஓரத்தில் இருக்கும் நாலைந்து பின்களும், அவற்றில் மாட்டும் ஒரு புரோபும், கணினியில் ஓடும் டீபகர் மென்பொருளும்தான். சிப் நின்றது, மறுபடி ஓடியது, ரீசெட் ஆனது, மின்சாரம் போனது, திரும்ப வந்தது: இவற்றை எங்கள் தொழிலில் நிகழ்வுகள் என்போம். இந்த நிகழ்வுகளை டீபகர் எப்படித் தெரிந்துகொள்கிறது, தெரிந்ததும் எந்த வரிசையில் எதைச் செய்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இதை ஏன் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபர்ம்வேரில் பிழை இருந்தால் டீபகரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டீபகரே பொய் சொன்னால் யாரிடம் போவது? சிப் ஓடிக்கொண்டிருக்கும்போது "நிற்கிறது" என்று அது காட்டினால், பழைய ரெஜிஸ்டர் மதிப்பைப் புதியது என்று நீட்டினால், அதை நம்பிய பொறியாளர் இல்லாத பிழையைத் தேடி நாள்கணக்கில் அலைவார். இந்தப் பொய்கள் பெரும்பாலும் நிகழ்வுகளைக் கையாளும் இடத்தில்தான் பிறக்கின்றன. ஆகவே அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதை 1985-இல் தொடங்குகிறது. சர்க்யூட் போர்டில் சிப்களின் கால்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்த காலம் அது. ஒவ்வொரு சால்டர் இணைப்பையும் ஊசி வைத்துத் தொட்டுச் சோதிப்பது இனி நடக்காது என்று தெரிந்துவிட்டது. மாற்று வழி காண எலக்ட்ரானிக்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து ஜாயிண்ட் டெஸ்ட் ஆக்‌ஷன் குரூப் என்ற குழுவை அமைத்தன. அந்தப் பெயரின் முதலெழுத்துகள்தான் நாம் இன்று சொல்லும் ஜேடேக். அவர்கள் வகுத்த முறை 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரநிலையாக வெளிவந்தது. டி.சி.கே. என்று ஒரு கிளாக், டி.எம்.எஸ். என்று ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி, உள்ளே போக டி.டி.ஐ., வெளியே வர டி.டி.ஓ.; வேண்டுமானால் டி.ஆர்.எஸ்.டி. என்ற ரீசெட் கம்பி. சிப்புக்குள் 16 நிலைகள் கொண்ட ஒரு சின்ன இயந்திரம். டி.எம்.எஸ். கம்பியை 1-இல் பிடித்துக்கொண்டு 5 கிளாக் கொடுத்தால் போதும், அந்த இயந்திரம் எந்த நிலையில் இருந்தாலும் ஆரம்ப நிலைக்கு வந்துவிடும். எதிர்ப்பக்கம் என்ன நிலையில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஜேடேக்கை வடிவமைத்தவர்கள் மீது எனக்குள்ள மரியாதைக்கு இந்த 5 கிளாக்குகளே முதல் காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது சால்டர் இணைப்பைச் சோதிக்கச் செய்த வழி. செயலியை நிறுத்துவதும் ஓட்டுவதும் பிற்பாடு இதே வழியில் ஏறிக்கொண்டன. சோதனைக் கருவி கேட்கும், சிப் பதில் சொல்லும். அந்த வேலைக்கு அது போதும். கிளாக் கொடுப்பது எப்போதும் கருவியின் பக்கம். கிளாக் வந்தால்தான் டி.டி.ஓ.-வில் அடுத்த பிட் வெளியே வரும். ஆர்ம் நிறுவனம் பிறகு கொண்டுவந்த எஸ்.டபிள்யூ.டி. முறையில் கம்பிகள் இரண்டாகக் குறைந்தன. இந்த அடிப்படை மட்டும் மாறவில்லை. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் சிப் 3 பிட்டில் பதில் தருகிறது: சரி, பொறு, கோளாறு. அதுவும் கேட்டதற்குக் கிடைக்கும் பதில்தான். உள்ளே என்ன நடந்தாலும் இந்தக் கம்பிகள் வழியே சிப்பால் தானாக முன்வந்து கணினியிடம் ஒன்றும் சொல்ல முடியாது.

இண்டரப்டுகளோடு பழகிய நிரலாளருக்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும். கீபோர்டில் விசையை அழுத்தினால் இண்டரப்ட் வரும், நெட்வொர்க்கில் பாக்கெட் வந்தால் அறிவிப்பு வரும். இங்கே அப்படி எதுவும் வராது. டீபகர் "நிகழ்வு" என்று சொல்வது பெரும்பாலும் அதுவே கட்டிக்கொண்ட ஒரு முடிவு.

எப்படி என்று ஓப்பன்ஓசிடியை வைத்துச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உள்ள பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில், 2005-இல், டொமினிக் ராத் என்பவர் தம் பட்ட ஆய்வாகத் தொடங்கிய மென்பொருள் இது. இன்று உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து வளர்க்கும் திறந்த மூலத் திட்டம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளில் வேலை செய்பவர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்கம் புரோப், மறுபக்கம் நிரலாளர் பயன்படுத்தும் குனூ டீபகர், நடுவில் ஓப்பன்ஓசிடி. இது வழக்கமாக 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சிப்பிடம் போய் "நிற்கிறாயா, ஓடுகிறாயா" என்று கேட்கிறது. இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் போலிங் என்கிறோம். போன முறை ஓடிக்கொண்டிருந்தது, இந்த முறை நிற்கிறது என்றால், இடையில் எங்கோ நின்றிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, "நின்றது" என்ற நிகழ்வைத் தானே உருவாக்கி, அதற்காகக் காத்திருக்கும் பகுதிகளுக்கு அறிவிக்கிறது. குனூ டீபகருக்குச் செய்தி போகிறது. உங்கள் திரையில் மஞ்சள் கோடு ஒரு வரியில் வந்து நிற்கிறது.

அந்த 100 மில்லிவிநாடியை அலட்சியமாக நினைக்காதீர்கள். 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அது 72 லட்சம் கிளாக். அதற்குள் யாரோ போர்டில் உள்ள ரீசெட் பொத்தானைத் தட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். சிப் ரீசெட் ஆகி, தொடக்க வேலைகளை முடித்து, பிரதான சுழற்சிக்குள் மறுபடியும் போய்விட்டது. டீபகர் வந்து கேட்கிறது: போன முறை ஓட்டம், இந்த முறையும் ஓட்டம். வித்தியாசம் இல்லை, ஆகவே நிகழ்வும் இல்லை. உண்மையில் நிரல் முதலிலிருந்து தொடங்கிவிட்டது. நீங்கள் கையால் மாற்றி வைத்த மாறிகளெல்லாம் போய்விட்டன. திரையில் ஒரு வார்த்தை கிடையாது.

இதற்காகத்தான் வன்பொருள் வடிவமைப்பாளர்கள் ஒட்டிக்கொள்ளும் பிட் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் சீட்டுதான் இது. ஆர்மின் கார்டெக்ஸ்-எம் செயலிகளில் டி.எச்.சி.எஸ்.ஆர். என்றொரு ரெஜிஸ்டர் உண்டு. அதன் 17-ஆம் பிட், செயலி இப்போது நிற்கிறதா என்று சொல்லும். 25-ஆம் பிட், நீ கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு ஒருமுறையாவது ரீசெட் நடந்ததா என்று சொல்லும். ரீசெட் முடிந்து எவ்வளவு நேரம் ஆனாலும் அந்த 1 அங்கேயே இருக்கும்.

ஒரு நிபந்தனையோடு. நீங்கள் அந்த ரெஜிஸ்டரைப் படித்த மாத்திரத்தில் 25-ஆம் பிட் அழிந்துவிடும். இதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். டீபகரில் இந்த ரெஜிஸ்டரைப் படிக்கும் இடம் ஒன்றல்ல. செயலி நின்றதா என்று பார்க்கப் படிக்கிறார்கள். ஒரு ரெஜிஸ்டரின் மதிப்பை எடுக்கும்போது, அது தயாரா என்று பார்க்க இதையே படிக்கிறார்கள். தயார் என்பதைச் சொல்லும் 16-ஆம் பிட்டும் இங்கேதான் இருக்கிறது. வேறு வேலைக்காகப் படித்த ஒரு பகுதி, ரீசெட் நடந்த செய்தியையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் போய்விடும். அடுத்து வரும் போலிங் வேளையில் 25-ஆம் பிட் 0. செய்தி வந்தது, வீட்டுக்குள்ளேயே தொலைந்தது. ஓப்பன்ஓசிடியில் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது: அந்த ரெஜிஸ்டரை யார் எதற்காகப் படித்தாலும், படித்த மதிப்பின் ஒட்டிக்கொள்ளும் பிட்களை ஒரு பொது மாறியில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். போலிங் செய்யும் பகுதி அந்த மாறியைப் பார்த்து முடிவு செய்யும். ஒரு வரி அளவுக்கான வேலைதான். ஆனால் எல்லா இடத்திலும் தவறாமல் செய்ய வேண்டும். ஓரிடத்தில் விட்டால் எப்போதாவது ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழை உருவாகும்.

ரிஸ்க்-வி டீபக் தரநிலையை எழுதியவர்கள் இந்த இடத்தில் வேறு வழி எடுத்தார்கள். அங்கேயும் ரீசெட் நடந்ததைச் சொல்லும் பிட் உண்டு. படித்தால் அது அழியாது. "பார்த்துவிட்டேன்" என்று டீபகர் தனியாக இன்னொரு பிட்டில் 1 எழுதினால்தான் அழியும். எத்தனை பேர் எத்தனை முறை படித்தாலும் செய்தி கெடாது. கூடுதலாக ஒரு எழுத்துச் செயல் ஆகிறது, அவ்வளவுதான். இரண்டில் எது மேல் என்று கேட்டால், ரிஸ்க்-வி வழிதான் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். உங்களில் யாராவது நாளைக்குச் சொந்தமாக ஒரு சிப்பையோ, எஃப்.பி.ஜி.ஏ.வில் ஒரு பெரிஃபெரலையோ வடிவமைத்தால், படித்தால் அழியும் பிட் வைக்காதீர்கள். அதன் விலையை உங்கள் மென்பொருளை எழுதுபவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி ரீசெட்டுக்கு வருவோம். வெளியிலிருந்து வரும் ரீசெட்டைக் கண்டுபிடிப்பது ஒரு பாடு என்றால், டீபகரே செய்யும் ரீசெட் இன்னொரு பாடு. பார்ப்பதற்கு ஒரு கம்பியைக் கீழே இழுத்து மேலே விடுவதுதானே என்று தோன்றும். ஓப்பன்ஓசிடி அந்த ஒரு செயலுக்கு எட்டு நிகழ்வுகள் வைத்திருக்கிறது: ரீசெட் தொடங்கப்போகிறது, கம்பியை இழுப்பதற்கு முன், இழுக்கும் வேளை, இழுத்த பின், விடுவதற்கு முன், விட்ட பின், தொடக்க அமைப்பு, முடிந்தது. ஒவ்வொன்றிலும் போர்டுக்கு ஏற்றபடி டிக்கிள் மொழியில் சிறு ஸ்கிரிப்ட் எழுதி மாட்டலாம். இவ்வளவு எதற்கு என்று முதன்முதலில் பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு போர்டு வேலை செய்யாமல் போனதால்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

எஸ்.டி.எம்.32 எஃப்4 வகைச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷில் வேகமாக எழுத, டீபகரின் ஸ்கிரிப்ட் சிப்பின் கிளாக்கை 64 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு, புரோபின் வேகத்தையும் 8 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகிறது. நல்லது. இப்போது நீங்கள் ரீசெட் கொடுக்கிறீர்கள். சிப் தன் உள் ஆசிலேட்டருக்குத் திரும்பி 16 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது. புரோப் மட்டும் பழைய வேகத்திலேயே பேசினால், போகும் பிட்களும் வரும் பிட்களும் கெடலாம். அதனால் "ரீசெட் தொடங்கப்போகிறது" என்ற முதல் நிகழ்விலேயே புரோபின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸாக இறக்கப்படுகிறது. ரீசெட் முடிந்து, "தொடக்க அமைப்பு" நிகழ்வில் கிளாக்கை ஏற்றிய பிறகுதான் புரோபும் வேகம் பிடிக்கிறது. பழைய ஆர்ம்7, ஆர்ம்9 செயலிகளில் ஜேடேக் கிளாக் செயலிக் கிளாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற கைக்கணக்கு இருந்தது. அங்கே இந்த வரிசை இன்னும் கறாரானது. இரண்டு வரி ஸ்கிரிப்ட். வரிசையை மாற்றிப் போட்டால் போர்டு ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

ரீசெட்டிலிருந்து வெளியே வந்தவுடன், ஒரு கட்டளைகூட ஓடுவதற்கு முன் செயலியை நிறுத்த வேண்டும் என்பது அடுத்த தேவை. கம்பியை விட்டுவிட்டு, பிறகு "நில்" என்று சொல்லலாம் என்று நினைத்தால், யு.எஸ்.பி. வழியாக அந்தச் சொல் போய்ச் சேருவதற்குள் சிப் ஆயிரக்கணக்கான கட்டளைகளை ஓட்டி முடித்திருக்கும். அந்தக் கட்டளைகளில் ஒன்று டீபக் பின்களையே வேறு வேலைக்கு மாற்றிவிடுகிறது என்றால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. கார்டெக்ஸ்-எம் செயலியில் இதற்கு வெக்டர் கேட்ச் என்ற வசதி உண்டு: ரீசெட்டுக்கு முன்பே ஒரு பிட்டை எழுதி வைத்தால், ரீசெட்டிலிருந்து வெளியேறும் கணத்தில் வன்பொருளே செயலியை நிறுத்திவிடும். நடக்கப்போகும் நிகழ்வுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது, நடந்த பின் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட எப்போதும் மேலானது.

சில போர்டுகளில் சிப்பின் ரீசெட் கம்பி இழுபட்டிருக்கும்வரை ஜேடேக் வழியும் அடைபட்டிருக்கும். வேறு சிலவற்றில் திறந்திருக்கும். திறந்திருந்தால், சிப்பை ரீசெட்டில் பிடித்து வைத்துக்கொண்டே வெக்டர் கேட்சை எழுதலாம். ஃபர்ம்வேர் டீபக் பின்களைப் பறித்துக்கொண்ட போர்டை மீட்க இதுதான் வழி. அடைபட்டிருக்கும் போர்டில் இதைச் செய்தால் எழுதியது எங்கும் போய்ச் சேராது. எந்தப் போர்டு எந்த வகை என்று ஓப்பன்ஓசிடியால் ஊகிக்க முடியாது. தெரியாதபோது அது அடைபட்டிருப்பதாகவே வைத்துக்கொள்கிறது. அது சரியான முடிவு.

சிப்பை ரீசெட் செய்யும் இன்னொன்று வாட்ச்டாக்; அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நிரல் தொங்கிப்போனால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்தான் வாட்ச்டாக். நீங்கள் பிரேக்பாயிண்டில் செயலியை நிறுத்தினால், வாட்ச்டாக்கின் பார்வையில் நிரல் தொங்கிவிட்டது. நீங்கள் மாறிகளை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே அது சிப்பை ரீசெட் செய்துவிடும். எஸ்.டி.எம்.32 எஃப்1 வகையில் இதற்காகவே ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. அதில் 8, 9-ஆம் பிட்களை 1 ஆக்கினால் செயலி நிற்கும்போது இரண்டு வாட்ச்டாக்குகளும் நிற்கும். 0, 1, 2-ஆம் பிட்களை 1 ஆக்கினால், சிப் தூங்கும் நிலைகளுக்குப் போனாலும் டீபக் கிளாக் அணையாது. ஓப்பன்ஓசிடி இந்த ஐந்து பிட்களையும் ஒரே எழுத்தில் போடுகிறது.

எந்த நிகழ்வில் போடுகிறது என்பதுதான் நுட்பம். ரீசெட்டுக்குப் பின் வரும் "தொடக்க அமைப்பு" நிகழ்வில் போட்டிருக்கலாம். அப்படிச் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் சிப்போடு ரீசெட் இல்லாமல் இணைபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. களத்தில் தொங்கிப்போன கருவியை அதே நிலையில் ஆராய விரும்புபவர் அவர்தான். அதனால் "பரிசோதனை முடிந்தது" என்ற நிகழ்வில் வைத்திருக்கிறார்கள். அதாவது, டீபகர் சிப்பை அடையாளம் கண்டு, இது இன்ன செயலி என்று தெரிந்துகொண்ட அந்தக் கணம். இந்த ரெஜிஸ்டருக்கு இன்னொரு குணம்: சாதாரண ரீசெட்டில் இது அழியாது, மின்சாரம் போய் வந்தால்தான் அழியும். ஆகவே ஒவ்வொரு ரீசெட்டிலும் திரும்ப எழுதத் தேவையில்லை. மின்சாரம் போனால்? போலிங் தோற்கும், ஓப்பன்ஓசிடி சிப்பை மறுபடி பரிசோதிக்க முயலும், மின்சாரம் வந்ததும் பரிசோதனை வெற்றி பெறும், "பரிசோதனை முடிந்தது" நிகழ்வு மறுபடி எழும், பிட்கள் மறுபடி எழுதப்படும். ரெஜிஸ்டர் எப்போது அழிகிறதோ, சரியாக அப்போதுதான் நிகழ்வும் எழுகிறது. நல்ல பொறியியல் என்று நான் சொல்வது இந்தப் பொருத்தத்தைத்தான்.

இதே குணத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. பேட்டரிக் கருவி செய்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டீபகரைக் கழற்றிய பிறகும் அந்தப் பிட்கள் அப்படியே இருக்கும். சிப் தூங்கும்போதும் கிளாக் ஓடும். அப்போது மின்னோட்டத்தை அளந்தால் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும். அளப்பதற்கு முன் மின்சாரத்தை ஒருமுறை துண்டித்து இணைக்க வேண்டும்.

இதுவரை கம்பிக்கு அந்தப்புறம். இப்போது மென்பொருளுக்குள்ளே போவோம். ஒரு நிகழ்வு எழுந்தால் அதை அறிய வேண்டிய பகுதிகள் பல. ஒவ்வொன்றும் தன் ஃபங்ஷனைக் கால்பேக்காகப் பதிந்து வைக்கிறது. அவை ஒரு தொடர்பட்டியலாக நிற்கின்றன. நிகழ்வு எழும்போது பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். சி மொழி தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஓப்பன்ஓசிடியின் ஜேடேக் பகுதியில் அந்தச் சுழற்சியைப் பார்த்தால், கால்பேக்கைக் கூப்பிடுவதற்கு முன்பே அடுத்த கண்ணியின் முகவரியை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். காரணம், கூப்பிடப்பட்ட கால்பேக் தன் வேலை முடிந்தது என்று தன்னைத்தானே பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். அப்போது அதன் நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும். திரும்பி வந்து "அடுத்தது எது" என்று அதையே கேட்டால், இல்லாத ஒன்றைக் கேட்கிறோம். டீபகர் சில நேரம் சரியாக ஓடும், சில நேரம் விழும்.

அந்தப் பட்டியலில் நிற்கும் கால்பேக்குகள் என்ன செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஜேடேக் சங்கிலி, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சிப்களின் வரிசை, ஆரம்ப நிலைக்கு வந்தது என்பது ஒரு நிகழ்வு. அதைக் கேட்கும் ஒவ்வொரு டேப்பும், அதாவது சங்கிலியில் உள்ள ஒவ்வொரு சிப்பின் ஜேடேக் வாசலும், தன்னைப் பற்றி மென்பொருள் நினைவில் வைத்திருப்பதை மறக்க வேண்டும். ஏன்? நேரத்தை மிச்சப்படுத்த, கடைசியாக அந்த டேப்புக்கு எந்தக் கட்டளையை ஏற்றினோம் என்று மென்பொருள் குறித்து வைத்திருக்கும். அதே கட்டளை மறுபடி தேவைப்பட்டால் ஏற்றாமல் நேராகத் தரவுக்குப் போய்விடும். சங்கிலி ரீசெட் ஆனால், அடையாள எண் உள்ள சிப்பில் கட்டளை ரெஜிஸ்டர் தானாகவே "அடையாள எண்ணைக் கொடு" என்பதற்கு மாறிவிடும். குறிப்பை அழிக்காத மென்பொருள் தன் பழைய கட்டளை இன்னும் இருக்கிறது என்று நம்பித் தரவைப் படிக்கும். வருவதெல்லாம் சிப்பின் 32 பிட் அடையாள எண்ணாக இருக்கும். அதை அது நினைவகத்தின் உள்ளடக்கம் என்று உங்கள் திரையில் காட்டும். நான் முதலில் சொன்ன பொய்க்கு இது நேரடியான உதாரணம். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு நிகழ்வு வந்தபோது ஒரு குறிப்பை அழிக்க மறந்தார்கள்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் 3530 சிப்பில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. பீகிள்போர்டில் வந்த சிப் அது. ஜேடேக் ரீசெட்டுக்குப் பிறகு சங்கிலியில் ஆர்ம் செயலி இருக்காது. ஐஸ்பிக் என்ற வழிமாற்றி மட்டும்தான் தெரியும். அதனிடம் முறைப்படி கேட்டால்தான் செயலியின் டேப்பைச் சங்கிலியில் சேர்க்கும். ஆகவே ஒவ்வொரு ஜேடேக் ரீசெட்டிலும் மென்பொருள் அந்தச் செயலியைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு "டேப்பை இயக்கு" என்ற நிகழ்வின் ஸ்கிரிப்ட் மூலம் மறுபடி சேர்க்க வேண்டும். கணக்கில் ஒரு டேப் கூடவோ குறையவோ இருந்தால் சங்கிலியில் படிக்கும் எல்லாப் பிட்களும் இடம் தள்ளிப்போகும்.

செயலி நின்ற நிகழ்வுக்கு வருகிறேன். நின்றது என்று தெரிந்தால் மட்டும் போதாது, ஏன் நின்றது என்பதும் வேண்டும். கார்டெக்ஸ்-எம் செயலியில் இதற்கும் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. நிறுத்தச் சொன்னதால், பிரேக்பாயிண்டால், வாட்ச்பாயிண்டால், வெக்டர் கேட்சால், வெளிச் சிக்னலால் என்று ஐந்து பிட்கள். குனூ டீபகர் இந்தக் காரணத்தை வைத்துத்தான் அடுத்த அடி எடுக்கிறது. இதோடு, வெளியே சொல்லக்கூடாத நிறுத்தங்களும் உண்டு. ஃபிளாஷில் எழுதும்போது டீபகர் ஒரு குட்டி நிரலைச் சிப்பின் ரேமில் ஏற்றி, ஓட்டி, அது முடிந்து நிற்கும்வரை காத்திருக்கும். ஒரு கோப்பை எழுதுவதற்குள் பலமுறை இப்படி ஓடும், நிற்கும். ஒவ்வொன்றையும் "நின்றது" என்று குனூ டீபகரிடம் சொன்னால் அது குழம்பிப்போகும். எனவே ஓப்பன்ஓசிடியில் இவற்றுக்குத் தனி நிகழ்வுகள். பயனருடைய நிரல் நின்றது வேறு, டீபகர் தன் சொந்த வேலைக்காக ஓட்டியது நின்றது வேறு. வன்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் மென்பொருளின் நினைவில்தான் இருக்கிறது.

மின்சாரம் போவதைப் பற்றி. கம்பி அறுந்தாலோ போர்டு அணைந்தாலோ பதில் வராது என்று நினைப்போம். ஆனால் ஜேடேக்கில் "பதில் இல்லை" என்ற ஒன்று கிடையாது. கிளாக் கொடுத்தால் ஏதோ ஒரு பிட் வரும். பெரும்பாலும் எல்லாம் 0 ஆகவோ எல்லாம் 1 ஆகவோ வரும். 1149.1 எழுதியவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். அடையாள எண்ணின் கடைசி பிட் எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். எல்லாம் 0 வந்தால் அது எண் இல்லை.  எல்லாம் 1 வந்தால் அதுவும் எந்த நிறுவனத்தின் எண்ணும் இல்லை. ஓப்பன்ஓசிடி சங்கிலியை விசாரிக்கும்போது இந்த இரண்டையும் பார்த்து, எல்லாம் பூஜ்யம் அல்லது எல்லாம் ஒன்று என்று வெளிப்படையாகவே பிழை சொல்லும். அதைப் பார்த்தவுடன் நிரலை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள்.

மின்சாரம் வருவதை உணரும் புரோபுகளுக்காக "மின்சாரம் திரும்பியது" என்ற நிகழ்வும் உண்டு. பிளக்கைச் செருகும்போது தொடர்பு பலமுறை பட்டு விலகும். ஒவ்வொரு முறைக்கும் ரீசெட் செய்தால் போர்டு தள்ளாடும். அதனால் இப்படி அடுத்தடுத்து வரும் மின் நிகழ்வுகளுக்கு இடையே ஓப்பன்ஓசிடி சற்று இடைவெளி விடுகிறது. போலிங் தொடர்ந்து தோற்கும்போது கேட்கும் இடைவெளியையும் படிப்படியாக 5 விநாடி அளவுக்கு நீட்டிக்கொள்கிறது. பதில் சொல்ல முடியாதவரை நச்சரிப்பதில் பயனில்லை.

அந்த நேரத்தில் திரையில் எதைக் காட்டுவது? இங்கேதான் டீபகர் எழுதுபவரின் மனசாட்சி சோதிக்கப்படுகிறது என்பேன். கடைசியாகத் தெரிந்த நிலையையே காட்டிக்கொண்டிருக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும், பயனர் பதற மாட்டார். ஓப்பன்ஓசிடியில் "தெரியாது" என்பதும் முறையான ஒரு நிலை. நிற்கிறது, ஓடுகிறது, ரீசெட்டில் இருக்கிறது என்பவற்றுக்குச் சமமாக அதுவும் பட்டியலில் இருக்கிறது. இந்த நிலையைப் பயனர் கண்ணில் படாமல் ஒரு கருவி மறைக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியோடு ஒரு பொறியாளர் வேலை செய்ய முடியும்.

இதிலும் தீராத ஒரு பகுதி உண்டு. இளைஞர்கள் கை வைக்க வேண்டிய இடம் என்பதால் சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் கருவிகள் தம் ஆயுளின் பெரும்பகுதியை ஆழ்ந்த தூக்கத்தில் கழிக்கின்றன. அந்தத் தூக்கத்தில் செயலியோடு டீபக் பகுதியும் அணைந்துவிடும் சிப்கள் உண்டு. டீபகர் கேட்கும்போது பதில் வராது. இது தூக்கமா, மின்சாரம் போனதா, கேபிள் கழன்றதா? மூன்றுக்கும் கம்பியில் தெரிவது ஏறக்குறைய ஒன்றே. முன்னே சொன்ன பிட்களைப் போட்டுத் தூங்கவிடாமல் வைத்திருக்கலாம். அப்போது நீங்கள் ஆராய்வது தூங்காத ஒரு சிப்பை, பிழையோ தூக்கத்திலிருந்து எழும் இடத்தில் இருக்கிறது. ரிஸ்க்-வி தரநிலை "இப்போது எட்டாது" என்ற நிலையைத் தனியாகச் சொல்ல ஒரு பிட் வைத்திருக்கிறது. ஓப்பன்ஓசிடியும் அதற்கு ஈடாக ஒரு நிலையைப் பின்னர் சேர்த்துக்கொண்டது. டீபக் பகுதி விழித்திருந்து செயலி மட்டும் தூங்கும் சிப்களுக்கு இது போதும். டீபக் பகுதியும் சேர்ந்து அணையும் சிப்களுக்கு, வைத்திருந்த பிரேக்பாயிண்டுகளை எழுந்த கணத்தில் திரும்ப எழுத வேண்டும், அதுவும் ஃபர்ம்வேர் முதல் வரிக்குப் போவதற்குள். 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கேட்கும் மென்பொருளால் அது முடியாது. அந்த வேலையைப் புரோபுக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கும். மூல நிரல் திறந்தே இருக்கிறது, ஒரு போர்டும் ஒரு புரோபும் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.